விரலை விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்

தொட்டிச்செடி செத்துப்போனால் வீட்டில் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: தண்ணீர் பற்றவில்லை, வெயிலில் காய்ந்துவிட்டது. மதுரை வெயிலைத் தெரிந்தவர்கள் இதை மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் அந்தத் தொட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தால் பல சமயம் வேறொரு கதை வெளியே வரும். மேல் மண் காய்ந்திருக்கும். அடி மண் களிபோல் பிசுபிசுவென்று, சாக்கடை வாடையோடு இருக்கும். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பேறிப்போய், விரலால் இழுத்தால் தோல் மட்டும் உருவிக்கொண்டு வரும், நடுநரம்பு நூல்போல் நிற்கும். அந்தச் செடி மூச்சு முட்டிச் செத்திருக்கிறது. ஊற்ற மறந்த கையைவிட, மறக்காமல் தினமும் ஊற்றிய கைதான் அதிகம் செடிகளைக் கொன்றிருக்கும்.

தரையில் நிற்கும் செடிக்கு ஊற்றிய தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டே போகும். மேல் மண்ணில் ஈரம் குறைந்தால் வேர் ஆழத்துக்கும் பக்கத்துக்கும் தேடிப் போகும். அதிகம் ஊற்றினாலும் பூமி வாங்கிக்கொள்ளும், மறந்தாலும் பூமி சமாளிக்கும். தொட்டியில் இரண்டுக்கும் வழியில்லை. 10 அங்குலத் தொட்டியில் எட்டு லிட்டர் அளவுக்குத்தான் மண் இருக்கும். கோடையில் நன்றாக வளர்ந்த ஒரு செம்பருத்தி அதிலுள்ள ஈரத்தை ஒரே பகலில் குடித்துத் தீர்த்துவிடும். அதே தொட்டியில் கற்றாழையை வைத்தால் அதே ஈரம் ஒரு வாரத்துக்கு மேல் கிடக்கும். 'தினமும் ஒரு சொம்பு' என்ற பொதுக்கணக்கு செல்லாது என்பதற்கு இதுவே போதும்.

தொட்டிக்குள் தண்ணீர் நடந்துகொள்ளும் விதத்தைச் சமையலறையிலேயே பார்த்துவிடலாம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்து, ஓரங்களைப் பிடித்துப் படுக்கைவசமாகத் தூக்க வேண்டும். சொட்டுவது நின்றபின் அதை அப்படியே நெட்டுக்குத்தாக நிமிர்த்தினால் மறுபடி தண்ணீர் சொட்டும். ஸ்பாஞ்ச் அதேதான், உயரம்தான் மாறியது. நுண்துளைகள் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு நீரைப் பிடித்து நிறுத்தும். அதற்கு மேல் இருப்பது மட்டுமே வடியும். தொட்டி மண்ணிலும் இப்படித்தான். அடியில் எத்தனை துளை போட்டாலும் கடைசி ஓரிரு அங்குலம் நனைந்த ஸ்பாஞ்ச்போல் நிறைந்தே நிற்கும். ஆழமான தொட்டியில் அந்த ஈர அடுக்குக்கு மேலே வேருக்கு இடம் உண்டு. தட்டையான தொட்டியில் செடி அந்தச் சேற்றுக்குள்ளேயேதான் குடித்தனம் நடத்த வேண்டும்.

ஒரு பழைய வழக்கத்தின் குறையும் இங்கே தெரிந்துவிடுகிறது. தொட்டியின் அடியில் இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஜல்லியோ செங்கல் துண்டோ பரப்பி அதன்மேல் மண் போடுவார்கள். தண்ணீர் நன்றாக வடியும் என்பது நம்பிக்கை. நடப்பது நேர்மாறு. மண்ணின் நுண்துளைகளில் பிடிபட்ட நீர் ஜல்லியின் பெரிய இடைவெளிக்குள் எளிதில் இறங்காது. மண் முழுக்க நிறைந்து வழிகிற நிலை வந்தால்தான் இறங்கும். அதனால் சேற்று அடுக்கு ஜல்லியின் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, வேருக்கான இடம் அந்த அளவுக்குக் குறைகிறது. மண் கொட்டாமல் இருக்கத் துளையின்மேல் ஓர் ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து வைத்தால் போதும். மீதி முழுக்க மண் கலவைதான்.

வேர் வேலை செய்யச் சக்தி வேண்டும், சக்திக்கு ஆக்சிஜன் வேண்டும். மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்று வழியாகத்தான் அது வேருக்குப் போய்ச் சேர்கிறது. காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இடைவெளிகளெல்லாம் நாள்கணக்கில் நீரால் அடைபட்டுக் கிடந்தால் வேர்நுனிகள் சாகும். பிதியம், பைட்டோப்தோரா போன்ற நுண்ணுயிரிகள் அந்த ஈரத்தில் நீந்திவந்து மிச்சத்தை அழுகவைக்கும். வேர் செத்தபின் சுற்றிலும் தண்ணீர் நின்றாலும் இலைக்கு ஏறாது. இலை துவண்டு தொங்கும். பார்ப்பவருக்கு அது தாகமாகத் தெரியும். இன்னொரு சொம்பு விழும்.

ஆக, துவண்ட செடியைப் பார்த்ததும் கை சொம்பைத் தேடக் கூடாது. காய்ந்து துவண்ட செடியின் இலை மெலிந்து, ஓரம் மொறுமொறுவென்று இருக்கும். தொட்டியைத் தூக்கினால் லேசாக வரும். மண் தொட்டியின் ஓரத்தை விட்டு விலகியிருக்கும். நீர் மிகுந்து துவண்ட செடியில் அடி இலைகள் மஞ்சளாகிச் சதசதவென்று உதிரும், மேல் மண்ணில் பச்சைப் பாசி படியும், தொட்டியைத் தட்டினால் கொசுவைவிடச் சின்னதாகக் கறுப்புப் பூச்சிகள் கிளம்பும். தொட்டி கனமாக இருக்கும். மூன்றாவதாக ஒன்று உண்டு: மத்தியான வாட்டம். சித்திரை வெயிலில் பிற்பகல் இரண்டு மணிக்கு, மண்ணில் ஈரம் இருந்தும் செம்பருத்தியும் பூசணிக்கொடியும் குடை மடக்கியதுபோல் தொங்கும். இலை இழக்கும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாததால் வருவது அது. மாலை ஆறு மணிக்குத் தானே நிமிர்ந்துவிடும். நிமிராமல் மறுநாள் காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

எப்போது ஊற்றுவது என்பதற்குக் கடிகாரமும் காலண்டரும் உதவா. விரல் உதவும். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டு அங்குலத்துக்கு மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். நுனியில் குளுமை தட்டினால், எடுத்த விரலில் மண் ஒட்டியிருந்தால், இன்று வேண்டாம். பொலபொலவென்று உதிர்ந்தால் ஊற்றலாம். கற்றாழை, பாம்புக் கற்றாழை, அடீனியம் போன்றவற்றுக்கு இரண்டு அங்குலம் போதாது. தொட்டியின் பாதி ஆழம்வரை காய வேண்டும். அதற்குத் தென்னை ஈர்க்குச்சி இருக்கிறது. துடைப்பத்திலிருந்து ஒரு நல்ல குச்சியை உருவி, தொட்டியின் ஓரமாக அடிவரை செருகி ஐந்து நிமிடம் விட்டு எடுத்தால், எந்த ஆழத்தில் மண் ஒட்டியிருக்கிறது என்பதைக் குச்சியே காட்டிவிடும். பணம் கொடுத்து வாங்கும் ஈரமானிகள் இதைவிட நன்றாகச் சொல்லிவிடுவதில்லை. உப்பு மிகுந்த மண்ணில் மலிவான மானிகள் பொய்யும் சொல்லும்.

தேங்காய் நார்க்கழிவு அதிகம் போட்ட கலவையில் மட்டும் விரலை முழுக்க நம்ப முடியாது. அதன் மேற்பரப்பு வெளுத்துக் காய்ந்ததுபோல் தெரியும். மூன்று அங்குலத்துக்குக் கீழே பிழிந்தால் தண்ணீர் சொட்டும். அங்கே கனம்தான் சரியான அளவுகோல். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நன்றாக ஊற்றி வடியவிட்ட பத்து அங்குலத் தொட்டிக்கும் ஊற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிட்ட அதே தொட்டிக்கும் இடையே ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கும். தொட்டியின் விளிம்பைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தாலே கை அதைப் படித்துவிடும். காய்கறிக்காரர் தராசில் போடும் முன்பே கையில் கிலோவைச் சொல்லிவிடுவார். அந்தப் பழக்கம்தான் இதுவும். இரண்டு வாரம் செய்தால் வந்துவிடும்.

ஊற்றுவது என்று முடிவானால் முழுதாக ஊற்ற வேண்டும். தினமும் கால் சொம்பு தெளிப்பதில் மேல் ஓர் அங்குலம் மட்டும் நனையும். வேரும் அந்த ஓர் அங்குலத்துக்கு ஏறிவந்து படர்ந்துகொள்ளும். ஒருநாள் தவறினால் வெயில் முதலில் அந்த வேரைத்தான் சுடும். பத்து அங்குலத் தொட்டிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை லிட்டர் பிடிக்கும். இதையும் ஒரே மூச்சில் கொட்டக் கூடாது. முதலில் பாதியை மெதுவாக, தண்டின் தூரில் குறிவைக்காமல், தொட்டியின் ஓரத்தைச் சுற்றி ஊற்றி ஐந்து நிமிடம் விட வேண்டும். காய்ந்திருந்த மண் அதை வாங்கி இளகும். பிறகு மீதியை ஊற்றினால் சீராக இறங்கி அடித்துளையில் சொட்டும். ஊற்றியதில் ஏழெட்டில் ஒரு பங்கு வெளியே வந்தால் சரியான அளவு. ஹோஸ் பைப்பில் பெருவிரலை வைத்துப் பீய்ச்சினால் மண் குழிந்து வேர் வெளியே வரும். பூவாளி எந்தக் கடையிலும் கிடைக்கிறது. அது இல்லையென்றால் மண்ணின்மேல் ஓர் ஓட்டுத்துண்டை வைத்து அதன்மேல் ஊற்றலாம். மேல் மண் இறுகிக் கட்டி தட்டியிருந்தால் முதலில் சின்னக் கரண்டியால் அரை அங்குலத்துக்குக் கொத்திவிட வேண்டும்.

ஊற்றிய நொடியிலேயே தண்ணீர் அடியில் ஓடிவந்தால் செடி குடித்தது என்று பொருளில்லை. அளவுக்கு மீறிக் காய்ந்த மண் சுருங்கி, தொட்டிச் சுவரை விட்டு விலகும். ஊற்றியதெல்லாம் அந்த இடுக்கு வழியாகவே ஓடிவிடும். நடுவிலுள்ள வேர்க்கட்டி கல்போல் காய்ந்தே கிடக்கும். புதிதாக வாங்கிய ரோஜாவுக்கும் குரோட்டன்ஸுக்கும் இதே சங்கடம் வேறு உருவத்தில் வரும். ஓசூர்ப் பக்கமிருந்தும் ஆந்திராவின் கடியத்திலிருந்தும் லாரியில் வரும் செடிகளில் பல, பயணத்தில் உதிராமல் இருக்கப் பிசினான செம்மண் உருண்டையோடு வருகின்றன. அந்த உருண்டையை அப்படியே இலகுவான கலவையில் நட்டால் சுற்றியுள்ள கலவை நனையும், உருண்டைக்குள் நீர் போகாது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: வாளியில் தண்ணீர் நிரப்பி, தொட்டியின் முக்கால் உயரம் முங்கும்படி இறக்கிவைக்க வேண்டும். மண்ணிலிருந்து குமிழி வரும். குமிழி நின்றதும் எடுத்து நிழலில் வடியவிட வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் தேவைப்படாது.

தொட்டி எதனால் ஆனது என்பதைப் பொறுத்தும் கணக்கு மாறும். மதுரைக்குத் தென்கிழக்கே இருக்கும் மானாமதுரையின் மண்பாண்டங்கள் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றவை. கடம் செய்வதில் உலகப்பெயர் எடுத்த ஊர் அது. அங்கே செய்த பானையில் தண்ணீர் குளிர்வதற்கு என்ன காரணமோ, அதே காரணத்தால்தான் மண்தொட்டியும் சீக்கிரம் காய்கிறது: சுட்ட மண்ணின் நுண்துளை வழியாக நீர் கசிந்து ஆவியாகிறது. இதில் நட்டம் மட்டுமில்லை. ஆவியாகும் நீர் வேரைக் குளிர்விக்கும், பக்கச்சுவர் வழியாகக் காற்றும் போகும். கை தாராளமாக ஊற்றுகிறவர்களுக்கு மண்தொட்டிதான் பாதுகாப்பு. அதற்கு எனாமல் பெயிண்ட் அடித்து அழகுபார்ப்பவர்கள் அந்தத் துளைகளை அடைத்து, மண்தொட்டியைப் பிளாஸ்டிக் தொட்டியாக்கிவிடுகிறார்கள். பிளாஸ்டிக்கும் க்ரோ பேக்கும் ஈரத்தை நீண்ட நேரம் வைத்திருக்கும். கறுப்பு நிறமாக இருந்து நேர் வெயிலில் நின்றால் உள்ளே வேர் வெந்துபோகும். சிமெண்ட் தொட்டி கனமானது, சூட்டை மாலைவரை வைத்திருக்கும். எதுவானாலும் மொட்டை மாடித் தளத்தில் நேரடியாக வைக்காமல் இரண்டு செங்கல்மேல் வைத்தால் அடித்துளையும் அடைபடாது, தளத்தின் கொதிப்பும் ஏறாது.

மண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் மண் பருத்திக்கு உகந்தது, தொட்டிக்கு ஆகாது. நனைந்தால் ஊதி அடைத்துக்கொள்ளும், காய்ந்தால் வெடிக்கும். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, மணலோ நார்க்கழிவோ ஒரு பங்கு என்பது பரவலான கலவை. ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் போடுவதானால் அதிலுள்ள மாவுபோன்ற தூசியைக் கழுவி எடுக்காவிட்டால் மண் சிமெண்டாக இறுகும். நார்க்கழிவையும் அலசி, காப்பி நிறத்தில் வரும் சாயத் தண்ணீரைக் கொட்டிவிட்டே சேர்க்க வேண்டும்; அதில் உப்பு இருக்கும்.

ஊற்ற நல்ல நேரம் விடியற்காலை. பகல் முழுக்கச் செலவழிக்கப்போகும் நீரைச் செடி முன்கூட்டியே வாங்கிவைத்துக்கொள்ளும், நனைந்த இலையும் வெயில் ஏறுமுன் காய்ந்துவிடும். கோடையில் மாலையிலும் ஊற்றலாம், இலைமேல் படாமல். ரோஜா இலை இரவெல்லாம் நனைந்திருந்தால் கரும்புள்ளி நோய்க்கு வழி திறந்துவிட்டதுபோல்தான். உச்சி வெயிலில் ஊற்றினால் நீர்த்துளி பூதக்கண்ணாடிபோல் வெயிலைக் குவித்து இலையைச் சுட்டுவிடும் என்பது பலரும் சொல்வது. 2010-ல் ஹங்கேரி ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, வழவழப்பான இலைகளில் அப்படி நடப்பதில்லை என்று காட்டினார்கள்; துளியை மேலே தூக்கிப் பிடிக்கும் ரோம இலைகளில் மட்டும் அதற்கு இடமுண்டு. மதுரையில் மத்தியானம் ஊற்றக் கூடாது என்பதற்கு இதைவிட எளிய காரணம் இருக்கிறது. மாடியில் கிடக்கும் ஹோஸ் பைப்பிலும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியிலும் உள்ள நீர் அப்போது குளிக்கக்கூட முடியாத சூட்டில் இருக்கும். அதைத் தூரில் ஊற்றுவது வேருக்கு வெந்நீர் வார்ப்பது. அவசரத்துக்கு ஊற்றித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் வரும் சூட்டுத் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து ஒதுக்கிவிட வேண்டும்.

மதுரைக்கு ஆண்டு மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். அதில் பாதியளவு அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையில் வருகிறது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொள்கிறது. தண்ணீர் ஊற்றும் பழக்கமும் இந்த ஒழுங்கில்தான் மாற வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரை முழுநிலவை ஒட்டி, அவர்மேல் பக்தர்கள் தண்ணீர் பீய்ச்சும் அந்த நாட்களில், மாடித் தொட்டிகளில் பல இருவேளைக்கு வந்துவிடும். மே 4 வாக்கில் தொடங்கும் கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் வரும். இந்த மாதத்தில் அதிகம் ஊற்றுவதைவிட இழப்பைக் குறைப்பதே புத்தி: ஐம்பது சதவீத நிழல்வலை, தொட்டிகளை நெருக்கி வைப்பது, மண்ணின்மேல் காய்ந்த இலையாலோ தேங்காய் மட்டையாலோ இரண்டு அங்குல மூடாக்கு. மூடாக்கு மட்டுமே பலருக்கு மாலைத் தண்ணீரை மிச்சப்படுத்தும்.

கத்திரி முடிந்ததும் கை தளர்ந்துவிடும். ஏமாற்றுவது அடுத்து வரும் காலம். ஆனி, ஆடியில் வானம் மூட்டமாக இருக்கும், வெயிலும் சற்றுத் தணிந்திருக்கும்; மழை வருவதுபோல் போக்குக்காட்டிவிட்டுப் போகும். ஆனால் காற்று நிற்காது. மலைக்கு அந்தப் பக்கம் மழையை இறக்கிவிட்டு வறண்டு வரும் இந்த மேல்காற்று, இலையைச் சுற்றியிருக்கும் ஈரப்படலத்தை நொடிக்கு நொடி துடைத்தெடுத்துக்கொண்டே இருக்கும். செடி மறுபடி மறுபடி நீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கொடியில் போட்ட துணி ஆடி மாதத்தில் எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்று பார்த்தால் தொட்டியின் கதி புரியும். சித்திரையில் தப்பிய செடி ஆடியில் காய்வது மதுரை மாடிகளில் சகஜம். மேற்குக் கைப்பிடிச் சுவரின் மறைவுக்குத் தொட்டிகளை நகர்த்துவது இந்த மாதத்தில் ஒரு சொம்பு தண்ணீருக்குச் சமம்.

ஐப்பசி, கார்த்திகையில் வேலை தலைகீழாகும். ஒரு நல்ல மழைக்குப் பின் மூன்று நான்கு நாள் தொட்டிப் பக்கம் சொம்போடு போகவே வேண்டியதில்லை. ஆனால் தூறல் ஏமாற்றும்: அடர்த்தியான இலைகள் குடைபோல் மழையைத் தொட்டிக்கு வெளியே வழித்துவிடும், பால்கனித் தொட்டிக்குச் சாரல்கூட வராது. அங்கேயும் விரல்தான் சாட்சி. அடைமழையில் கற்றாழை, அடீனியம், கறிவேப்பிலைக் கன்று ஆகியவற்றைக் கூரைக்குக் கீழே நகர்த்திவிட வேண்டும். மார்கழி, தையில் பனியும் குளிருமாகச் செடி மந்தமாக இருக்கும்; கோடையில் ஒருநாளில் தீர்ந்த ஈரம் இப்போது மூன்று நாள் நிற்கும். கோடைப் பழக்கத்தை விடாமல் தினமும் ஊற்றியே பல துளசிகள் மார்கழியில் போகின்றன.

அடுத்தது எந்தத் தண்ணீர் என்ற கேள்வி. 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கிடைக்கும் வீடுகளில் கவலை குறைவு. அதிலுள்ள குளோரின் குடிநீருக்கான அளவில் செடிக்குத் தீங்கு செய்வதில்லை. மனம் கேட்கவில்லை என்றால் ஓரிரவு வாளியில் திறந்து வைக்கலாம். சிக்கல் ஆழ்குழாய்க் கிணற்று நீரில். மதுரையைச் சுற்றிய சமவெளியில் பல இடங்களில் அது உப்புத் தண்ணீர். குழாய் முனையிலும் பாத்திரத்திலும் படியும் வெள்ளைக் கறை தொட்டியின் வெளிச்சுவரிலும் மண்ணின் மேலும் படியும். நீர் மட்டும் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. ஒவ்வொரு சொம்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. இலை நுனி கருகுவது முதல் அடையாளம். அடுத்து, மண்ணின் காரத்தன்மை ஏறி இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்காமல் போகும். புதுத்தளிர் நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்றதெல்லாம் மஞ்சளாகவும் வரும். இட்லிப்பூச் செடியிலும் ரோஜாவிலும் இது பளிச்சென்று தெரியும். உரம் பற்றவில்லை என்று மேலும் உரம் போட்டால் மேலும் உப்புத்தான் சேரும். மாதம் ஒருமுறை, தொட்டி மண்ணைப்போல் இரண்டு மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி, அடிவழியே முழுக்க வடியவிட்டுக் கழுவ வேண்டும். பருவமழை இதை இலவசமாகச் செய்துகொடுக்கிறது. மழைக்குப் பின் செடிகள் மினுங்குவதில் தூசி கழுவப்பட்டது பாதி, வேரடி உப்பு இறங்கியது பாதி.

ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரைச் செடிக்குப் பிடித்து ஊற்றுவது நல்ல எண்ணம்தான், கணக்கு மட்டும் இடிக்கிறது. பத்து லிட்டர் உள்ளே போய் மூன்று லிட்டர் குடிநீராக வந்தால், பத்து லிட்டரில் இருந்த உப்பு அனேகமாக முழுவதும் மீதி ஏழு லிட்டரில் இருக்கும். ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மூல நீரே உப்பென்றால் அது தொட்டிக்கு ஆகாது, தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் ஆகும். இதற்கு எதிர்முனையில் இருப்பது ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர். காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது என்பதால் அதில் உப்பே கிடையாது. ஆழ்குழாய் நீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் இரண்டுமே பயன்படும். அரிசி கழுவிய தண்ணீரை வாரம் ஒருமுறை, அன்றன்றே ஊற்றலாம்; புளித்தது எறும்பையும் பூச்சியையும் கூட்டிவரும். உப்புப் போட்ட எந்தக் கழுநீரும் வேண்டாம், சோப்பு நீரும் வேண்டாம்.

செடிக்குச் செடி உள்ள வேறுபாட்டில் சில மட்டும் சொல்லத் தக்கவை. துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவது பல வீடுகளில் வழிபாடு. குளித்ததும் ஒரு சொம்பு, மண் ஈரமோ காய்ந்ததோ, விழுந்தே தீரும். வழிபாட்டை நிறுத்தச் சொல்ல முடியாது. ஈரமாக இருக்கும் நாளில் ஓர் உத்தரணி ஊற்றினாலும் பூஜை பூஜைதான். கறிவேப்பிலைக் கன்றுக்கு முதல் ஆண்டில் எதிரி அதிகத் தண்ணீரே; இரண்டு ஊற்றலுக்கு நடுவே மேல்பாதி நன்கு காய வேண்டும். செம்பருத்தி இதற்கு எதிர்: மொட்டு வைத்த நேரத்தில் ஒருநாள் காய்ந்தாலும் மொட்டெல்லாம் உதிரும். காகிதப்பூ சற்றுக் காயப்போட்டால்தான் பூக்கும். வேளை தவறாமல் ஊற்றினால் இலையாகத் தள்ளும்.

2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை வயலில் வளர்ப்பவர்கள், நவம்பர் கடைசியில் நீரை நிறுத்திக் காயவிட்டு, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்துக்குக் கவாத்து செய்கிறார்கள். பிறகு உரமும் நீரும் கொடுத்தால் புதுக்கிளை வெடித்து, கோடை தொடங்கும்போது பூ குவிகிறது. தொட்டி மல்லிக்கும் இதே முறைதான். கார்த்திகையில் சில நாள் வாடவிட்டு வெட்டி, தளிர் வந்தபின் ஈரம் குறையாமல் பார்த்துக்கொண்டால் பங்குனியில் கட்டுவதற்குப் பூ கிடைக்கும். ஆண்டு முழுக்க ஒரே அளவு ஊற்றி, வெட்டாமல் விட்ட மல்லி கொடியாக நீளும், நாலைந்து பூவோடு நிறுத்திக்கொள்ளும்.

தொட்டியின் அடித்தட்டில் தேங்கிய நீரை அரை மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். வேர் அழுகுவது ஒருபக்கம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அந்தத் தட்டுத் தண்ணீரே போதும். முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும் என்பதால், கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். மழை மாதங்களில் தட்டையே எடுத்துவிடுவது உத்தமம்.

ஊருக்குப் போகும் நாட்களுக்கு மண்பானை போன்ற துணை வேறில்லை. மெருகு பூசாத சிறு கலயத்தைப் பெரிய தொட்டியில் கழுத்துவரை புதைத்து, நிரப்பி, வாயை மூடிவைத்தால், மண் காயக்காய நீர் சுவர் வழியே கசியும். மண் ஈரமானால் தானே நிற்கும். சீனத்தில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வேளாண் நூலிலேயே பதிவான முறை இது. வாரக் கணக்கில் போகிறவர்கள் தொட்டிகளை எல்லாம் நிழலில் ஒன்றாக நெருக்கி, நடுவில் ஒரு வாளித் தண்ணீரை உயரத்தில் வைத்து, அதிலிருந்து தடித்த பருத்தித் திரிகளைத் தொட்டி மண்ணுக்குள் செருகிவிடலாம். பாட்டிலில் ஓட்டை போட்டுக் கவிழ்த்துவைப்பதை நம்ப வேண்டாம்; ஒன்று ஒருமணி நேரத்தில் காலியாகும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். எதைச் செய்தாலும் புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பே செய்து, எவ்வளவு நீர் இறங்குகிறது என்று பார்த்துவிடுங்கள். திரும்பி வந்ததும் துவண்டு நிற்கும் செடியைப் பார்த்துப் பதறி உரமும் தண்ணீருமாகக் கொட்டாதீர்கள். முதலில் விரலை விடுங்கள். காய்ந்திருந்தால் வாளியில் அரை மணி நேரம், பிறகு இரண்டு நாள் நிழல். உரத்துக்கு அடுத்த மாதம் வரை அவசரமில்லை.